கம்பளிக்குத் தீட்டில்லை

உல்லன் கடையில் இருபத்திரண்டு வருஷமாக வேலை பார்ப்பவளுக்கு உல்லனைக் கண்டாலே குமட்டுகிறது என்றால் நம்ப மாட்டீர்கள். ஆனால் அதுதான் நிஜம். மண்டி மொஹல்லாவில் ஒரு ஸ்கூட்டர் நுழைந்தால் எதிரே வரும் ஆட்டோ பின்வாங்க வேண்டிய சந்தில் எங்கள் கடை இருக்கிறது. பொத்தான், ஜரிகை, லேஸ், இவற்றோடு ஒரு சுவர் முழுக்க உல்லன் உருண்டைகள். அதன் பிசிறு மூக்கில் ஏறும். டிபன் டப்பாவைத் திறந்தால் தயிர்சாதத்தில் விழும். ரோஸ் நிறப் பிசிறை விரலால் எடுத்துப் போட்டுவிட்டு மிச்சத்தைச் சாப்பிடுகிற பிழைப்பு என்னுடையது. அது கிடக்கட்டும். இது உமாதேவியின் கதை.

அவள் முதல் தடவை கடைக்கு வந்தபோது கன்னடத்தில்தான் கேட்டாள், நானும் கன்னடத்தில்தான் எடுத்துப் போட்டேன். நடுவில் அவளுக்கு ஒரு போன் வந்தது. "என்ற சார்ஜரு அங்கயேதான் இருக்கும், தேடிப் பாரு" என்று அவள் சொன்னதும் எங்கள் பக்கத்துத் தமிழ் என்று எனக்குப் பிடிபட்டுவிட்டது. எந்த ஊர் என்று கேட்டேன். ஹனூராம். அப்பா சித்தையன் அங்கே டிராக்டர் ரிப்பேர் பார்க்கிறாராம். நான் அதற்குப் பக்கத்தில் மார்டள்ளி. அதற்கப்புறம் கன்னடத்துக்கு எங்களிடையே வேலையில்லை. அவளுக்கு நான் பாக்கியக்கா ஆனேன்.

உமாவுக்கு முப்பத்து மூன்று வயது. ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை. மதியம் ஒரு மணிக்கு ஷிப்ட். எக்ஸ்ரே எடுப்பது என்றால் பொத்தானை அமுக்குவது என்று நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லையாம். இடுப்பு முறிந்து வருகிறவர்களைப் புரட்ட வேண்டும், வாந்தி எடுத்தவர்களைத் துடைத்துவிட்டு நிமிர்த்த வேண்டும், அழுகிற பிள்ளையின் காலை அசையாமல் பிடிக்க வேண்டும். ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது உடம்புகளைத் தொடுகிற கை அது. அவள் புருஷன் வாசுதேவும் அப்படி வந்த உடம்புதான். பைக்கிலிருந்து விழுந்து தோளெலும்பு உடைந்து வந்தவனிடம், "மூச்ச இழுத்துப் பிடிங்க" என்று சொல்லியிருக்கிறாள். அன்றைக்கு இழுத்துப் பிடித்தவன் இன்னும் விடவில்லை. வீட்டில் எதற்கும் வாய் திறப்பதில்லை.

வாசுதேவ் மேல்கோட்டை ஐயங்கார்க் குடும்பம். ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம். அவன் அப்பா செலுவநாராயணன், பாங்கில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர், இரண்டு வருஷம் மகனோடு பேசவில்லை. அப்புறம் அவருடைய மனைவி காலமானார். மூன்றே மாதத்தில் "வீட்டுக்கு வாங்கோ" என்று ஆள் அனுப்பினார். மனசு மாறியது என்று வாசுதேவ் சொன்னானாம். காபி போட ஆள் இல்லாததுதான் மாறிய விஷயம் என்று நான் சொன்னேன். உமா சிரித்தாள். ஆனால் போனாள்.

அந்த மனிதர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. சொல்ல முடிந்திருந்தால் இவ்வளவு எரிச்சல் வந்திருக்காது. உமாவை ஒரு நாளும் அதட்டியதில்லை. பத்து மணிக்கு மேல் அவள் கையால் காபி வாங்கிக் குடிப்பார். அவள் பேப்பரில் குறுக்கெழுத்து போட்டால் உதவி செய்வார். சிக்கல் எல்லாம் காலையில்தான். எழுந்து குளித்து, மடித்துணி கட்டிக்கொண்டு, பெருமாள் அறையில் மணை போட்டு உட்கார்ந்து திருவாராதனம் செய்வார். முக்கால் மணி நேரம். அந்த நேரத்தில் அவரை யாரும் தொடக் கூடாது. தொட்டால் மடி போய்விடும். முழங்கால் இரண்டும் தேய்ந்துபோனவருக்கு அந்த மணையிலிருந்து தானாக எழவும் முடியாது. நாற்காலி போட்டுக்கொள்ள மாட்டார். பெருமாளுக்குச் சமமாக நாற்காலியில் உட்காரலாமா?

முன்பெல்லாம் மனைவி தூக்கிவிடுவாராம். அப்புறம் மகன் குளித்துவிட்டு வந்து தூக்கினான். கம்பெனி பஸ் ஆறேகாலுக்கே வர ஆரம்பித்ததும் மகன் இல்லை. காலையில் வீட்டில் இருப்பது உமா மட்டும். முதல் வாரம் அவர் மணையிலிருந்து சரிந்து, தவழ்ந்து, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். ஒரு நாள் பிடி நழுவி விழுந்து முழங்கையில் ரத்தம். உமா ஓடினாள். "தொடாதே!" என்று கத்தினாராம்.

"நான் கேட்டேங்க்கா," என்றாள் உமா. "நானும் தலைக்குக் குளிச்சுப்போட்டு ஈரத்துணியோட வாரேன் மாமா, உங்க மகன் செய்யறாப்பலயே செஞ்சுக்கறேன்னு கேட்டேன்."

"அதுக்கு என்ன சொன்னாரு?"

"ரொம்ப நேரம் என்னையே பாத்தாரு. அப்பறம், 'அது வேண்டாம்மா, சரிப்படாது'ன்னு சொன்னாரு. மெதுவா, அன்பாத்தான் சொன்னாரு."

எனக்கு வாயில் காறித் துப்ப வேண்டும் போல எச்சில் ஊறியது. மடி எல்லாருக்கும் பொது, மகனே ஆனாலும் குளித்துவிட்டுத்தான் தொட வேண்டும் என்று அந்தப் பெரியவர் தினமும் அவளுக்கு விளக்குவாராம். மகனுக்குக் குளித்தால் போகிறது. இவளுக்கு எத்தனை குடம் ஊற்றினாலும் போகாது. முழங்காலுக்குக் காட்டப் போன ஆஸ்பத்திரியில் நர்சுகள் தொட்டார்களே என்றால் அது ஆபத்துக்குத் தோஷமில்லையாம்.

வழியும் அவரே சொன்னார். கம்பளிக்கும் பட்டுக்கும் தீட்டுக் கிடையாதாம். யார் தொட்ட கம்பளியும் மடிதானாம். "கம்பளி போத்திண்டு என்னைத் தூக்கினா தோஷமில்லே உமா" என்று பீரோவிலிருந்து ஒரு பழைய பழுப்புக் கம்பளியை எடுத்துக் கொடுத்தார். நாப்தலின் உருண்டையும் ஆட்டுப் புழுக்கையும் கலந்த நாற்றம் அதில். கழுத்தெல்லாம் அவளுக்குத் தடித்துப்போனது. கடையில் வந்து துப்பட்டாவை விலக்கிக் காட்டினாள். ஆனால் இதெல்லாம் அவள் எனக்குச் சொன்னது ரொம்பப் பிற்பாடு. முதல் நாள் சொன்னது இவ்வளவுதான்: போர்த்திக்கொள்ள ஒரு சால்வை பின்னப் போகிறேன், எனக்குப் பிடித்த நிறங்களில் உல்லன் வேண்டும்.

பள்ளிக்கூடத்தில் கைவேலைப் பீரியடில் கற்றுக்கொண்டாளாம். அதற்கப்புறம் வாசுதேவுக்கு ஒரு மப்ளர் பின்னியிருக்கிறாள். ஒரு முனையில் ஒரு சாண் அகலம், மறு முனையில் ஒன்றேகால் சாண். அந்தத் தகுதியோடு போனில் ஒரு வெள்ளைக்கார அம்மாவின் வீடியோவைக் காட்டினாள். சின்னச் சின்னச் சதுரங்களாக, கலர் கலராக, தைக்காமலே ஒன்றிலிருந்து ஒன்று முளைத்துப் போகிற பின்னல்.

"எல்லாருக்கும் வராதாம் அக்கா. கான்பிடன்ட் பிகினருக்குன்னு போட்டிருக்குது. அது நாந்தான்."

"கான்பிடன்ட் நல்லாத் தெரியுது. பிகினரும் தெரியுது," என்றேன்.

அவள் கண்டுகொள்ளவில்லை. மெரூன், கடுகு மஞ்சள், கிளிப் பச்சை, மயில் நீலம், ஆரஞ்சு என்று எடுத்துக் குவித்தாள். நாலு மில்லிமீட்டர் ஊசி ஒரு ஜோடி.

அந்தப் பின்னல் பார்ப்பதற்குக் குழந்தை விளையாட்டு மாதிரி இருக்கும். செய்யும்போதுதான் குணத்தைக் காட்டும். ஊசியில் நாற்பத்தொரு கண்ணி ஏற்ற வேண்டும். ஒன்றுவிட்டு ஒரு வரிசையில், நட்டநடுவில் இருக்கிற மூன்று கண்ணியைச் சேர்த்து ஒன்றாக்க வேண்டும். நடுவில் குறையக் குறைய வரிசை முழங்கை மடக்கியது போல் மடங்கும். கடைசியில் ஒரே ஒரு கண்ணி மிஞ்சும்போது கையில் ஒரு சதுரம் இருக்கும், குறுக்கே மூலைக்கு மூலை ஒரு கோடு ஓடும். அடுத்த சதுரத்துக்கு இந்தச் சதுரத்தின் ஓரத்திலிருந்தே இருபது கண்ணியை எடுத்துக்கொண்டு, மிச்சத்தைப் புதிதாக ஏற்ற வேண்டும். இரண்டு பக்கமும் சதுரம் இருந்தால் இந்தப் பக்கம் இருபது, அந்தப் பக்கம் இருபது, மூலையில் ஒன்று. கணக்கு அவ்வளவுதான். ஆனால் ஒரு சதுரம் பிசகினால் அதன் தோளில் ஏறி நிற்கிற சதுரமும் பிசகும். அதை மட்டும் பிடுங்கி மாற்ற முடியாது.

பத்து நாள் கழித்துப் பதினாலு சதுரத்தைக் கொண்டுவந்து மேஜைமேல் போட்டாள். தட்டையாகப் படுக்க வேண்டியது இட்லி மாதிரி உப்பிக்கொண்டு நின்றது.

"தொவச்சாப் படிஞ்சுக்கும்," என்றாள்.

"உன்ற மாமனார் தலையில கவுத்துனாத்தான் படியும்," என்று சொல்லிவிட்டு ஒவ்வொன்றாக எண்ணினேன். மூன்றாவது சதுரத்தில் முப்பத்தொன்பது கண்ணிதான். இரண்டைத் தவறவிட்டுவிட்டு, நடுவையும் ஒரு பக்கமாகத் தள்ளிக் குறைத்திருந்தாள். கோடு மூலைக்குப் போகாமல் குடித்தவன் நடை நடந்திருந்தது. அதன்மேல் பதினொரு சதுரம். அழுவாள் என்று நினைத்தேன். ஹனூர்ச் சந்தையில் மட்டும் கேட்கக் கூடிய ஒரு கெட்ட வார்த்தையைச் சொன்னாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பதினாலாவதிலிருந்து மூன்றாவது வரைக்கும் அங்கேயே சரசரவென்று பிரித்தாள். அந்த நிமிஷத்தில்தான் எனக்கு அவளைப் பிடித்துப்போனது.

திரும்பப் பின்னியதில் கை தேறிவிட்டது. கோடு நிமிர்ந்தது. ஒரே ஒரு கெட்ட பழக்கம் மட்டும் போகவில்லை. ஒவ்வொரு சதுரத்துக்கும் ஆரம்பத்தில் ஒரு நூல் வால், முடிவில் ஒரு நூல் வால் நிற்கும். அதைப் பின்பக்கமாக ஊசியில் கோத்து உள்ளே புதைக்க வேண்டும். அவள் அப்படியே தொங்கவிட்டாள்.

"பொறவுக்குத்தானே இருக்குது, யாரு பாக்கறாங்க?" என்பாள்.

"அவுந்து தொலையும்டீ," என்பேன். கேட்டால்தானே.

முப்பதாவது சதுரத்தில் மெரூன் தீர்ந்துபோய் வந்தாள். உருண்டையைக் கையில் வாங்கியவள் திடீரென்று, "அக்கா, இது அசல் ஆட்டு ரோமந்தானே?" என்றாள்.

"எதுக்குக் கேக்கற?"

அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னாள். மணை, மடி, "தொடாதே", ஈரத்துணி, பழுப்புக் கம்பளி, கழுத்துத் தடிப்பு. நான் கேட்டுக்கொண்டே இருந்தேன்.  கடைசியில் ஒரு வார்த்தை சொன்னாள். "நான் வேற ஒண்ணும் கேக்கலக்கா. சொத்து வேண்டாம், மருமகள்னு ஊர் பூராச் சொல்லவும் வேண்டாம். ஒரே ஒரு நாள் அவரா கையை நீட்டி, போத்தாம வாம்மான்னு கூப்பிடோணும். அது வரைக்கும் போத்திக்கறேன்."

நான் உருண்டையைச் சுற்றியிருந்த காகிதப் பட்டையைக் கழற்றி அவள் முன்னால் வைத்தேன். எங்கள் கடையில் மட்டுமல்ல, இந்த ஊரில் பின்னுகிற நூல் எதுவானாலும் அதற்கு உல்லன் என்றுதான் பேர். விற்கிறவளும் அப்படித்தான் சொல்வாள், வாங்குகிறவளும் அப்படித்தான் கேட்பாள். பட்டையில் என்ன போட்டிருக்கிறது என்று யாரும் படிப்பதில்லை. அக்ரிலிக். நூற்றுக்கு நூறு.

"ஆடும் இல்ல, மாடும் இல்ல கண்ணு. இது பிளாஸ்டிக்கு," என்றேன். "அசல் வேணும்னா பரண்ல இருக்குது. சொறியும். மொதல்லருந்து பின்னோணும்."

அவள் பட்டையைப் படித்தாள். மறுபடியும் படித்தாள். அப்புறம் சிரிப்பு வந்தது. ஸ்டூலில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தாள். துடைத்துக்கொண்டு எழுந்து, "இதே மெரூன்ல இன்னும் நாலு குடுங்க," என்றாள்.

கொடுத்தேன். சந்தோஷமாகக் கொடுத்தேன். அந்த மனிதர் தினமும் காலையில் பெருமாளுக்கு முன்னால் பிளாஸ்டிக்கால் தூக்கப்படட்டும் என்று எனக்குள் ஒரு குரூரமான குஷி. அதைச் சொல்ல நான் வெட்கப்படவில்லை.

மொத்தம் எண்பத்து நாலு சதுரம். முடித்து அவள் போர்த்திக்கொண்டு நின்றபோது தோளிலிருந்து விரல் நுனி வரை மூடியிருந்தது. ஒரே நிறம் பக்கத்தில் பக்கத்தில் வராமல் பின்னியிருந்தாள். மாமனாருக்கு ரொம்பப் பிடித்துவிட்டதாம். "ஜோரா இருக்கு உமா, ஆத்துல இருக்கிற அந்தக் கம்பளியை விட மெத்துனு இருக்கு" என்றாராம். அன்றிலிருந்து தினமும் காலை ஒன்பதேகாலுக்கு அவள் சால்வையைச் சுற்றிக்கொண்டு போய், கக்கத்தில் கை கொடுத்து அவரைத் தூக்கி நிறுத்தினாள். பதினோரு வாரம். பெருமாள் ஒன்றும் சொல்லவில்லை.

அவர் சீக்கிரமே பழகிக்கொண்டார். முதலில் விரைப்பாக எழுந்தவர், போகப்போக முழு உடம்பையும் அவள்மேல் சாய்த்தார். எழுந்து நின்ற பிறகும் மூச்சு வாங்குகிறது என்று இரண்டு நிமிஷம் அவள் தோளில் தாடையை வைத்துக்கொண்டு நிற்பார். ஈரக் குடுமியிலிருந்து அவள் கழுத்தில் சொட்டும். அவர் வாய் நாற்றமும் கற்பூர நாற்றமும் சேர்ந்து அடிக்குமாம். "சமத்து" என்று முதுகில், சால்வைமேல், தட்டிக் கொடுப்பார். உமா இதைச் சொல்லும்போது முகத்தைச் சுளிப்பாள். ஆஸ்பத்திரியில் சீழ் வடிகிற காலைப் பிடித்துவிட்டு வந்து அதே கையால் என் கடையில் பஜ்ஜி தின்றவள் அவள்.

கம்பளியைத் துவைக்கத் தேவையில்லை, அதற்கு மடி போகாது என்று அவர் சொல்லிவிட்டார். ஆறு வாரத்தில் சால்வை நாற ஆரம்பித்தது. திங்கட்கிழமை அவளுக்கு வார லீவு, அவர் மதியம் தூங்குகிற நேரத்தில் வாஷிங் மெஷினில் போட்டு எடுத்துவிடுவாள். மெஷினில் சுற்றியதில், புதைக்காத வால்கள் இழுபட்டு, இரண்டு மூலையில் சதுரங்கள் வாய் பிளந்தன. என்னிடம் வந்து நின்றாள். நான் அவளைத் திட்டித் தீர்த்துவிட்டு, செவ்வாய்க்கிழமை கடை லீவு, வீட்டுக்கே வந்து எல்லா வாலையும் புதைக்கக் கற்றுக்கொடுக்கிறேன் என்று சொன்னேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை எட்டரைக்குச் சரஸ்வதிபுரத்தில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். வாசுதேவ் வேலைக்குப் போய்விட்டிருந்தான். பெருமாள் அறையில் மணி ஆட்டுகிற சத்தம். ஹாலில் செலுவநாராயணனின் தங்கை அம்புஜவல்லி, மேல்கோட்டையிலிருந்து முந்தின நாள் வந்திருந்தவர், பூத்தொடுத்துக்கொண்டிருந்தார். அறுபத்தெட்டு வயது, கண் மட்டும் படு கூர்மை. நானும் உமாவும் தரையில் சால்வையைக் கவிழ்த்துப் போட்டு, வால்களைக் கோத்து இழுத்து, மிச்சத்தைக் கத்தரித்துப் போட்டோம்.

"நேத்தி மத்யானம் இதைத்தானே மெஷின்லேர்ந்து எடுத்தே?" என்றார் அம்புஜவல்லி. "கம்பளி மெஷின்ல போட்டா சுருங்கிடுமே. இது அப்படியே இருக்கே."

உமா தலை நிமிரவில்லை. நானும் ஊசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்புஜவல்லி குனிந்து, கத்தரித்துக் கிடந்த துண்டுகளில் ஒன்றை எடுத்து மூக்கருகில் வைத்து மோந்தார். எழுந்து சமையலறைக்குப் போனார். தீக்குச்சி உரசுகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்து உள்ளங்கையை நீட்டினார். நூல் எரிந்து சுருண்டு, கறுப்பாகக் கல் போன்ற ஒரு சின்ன உருண்டை ஆகியிருந்தது. பிளாஸ்டிக் பை கருகின வாசனை.

அதோடு விட்டிருக்கலாம். அந்த அம்மாளுக்குச் சந்தேகம் தீர வேண்டும். பீரோவைத் திறந்து பழைய பழுப்புக் கம்பளியிலிருந்து ஒரு கொத்து பிய்த்து அதையும் கொளுத்தினார். வீடு முழுக்க மயிர் கருகுகிற நாற்றம். சுடுகாட்டுக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்குத் தெரியும் அது என்ன நாற்றம் என்று. 

பெருமாள் அறையிலிருந்து செலுவநாராயணனின் குரல் வந்தது. "அம்பூ, என்ன நாத்தம் அது? குடலைப் பொரட்டறதே!"

"அதுதானுங்க மடி," என்றேன் நான். வாயை அடக்க முடியவில்லை.

அம்புஜவல்லி அறை வாசலில் போய் நின்று சொன்னார். இது கம்பளி இல்லை அண்ணா, ஏதோ பிளாஸ்டிக் நூல், இத்தனை நாளாக இவள் இதைத்தான் போர்த்திக்கொண்டு உன்னைத் தொட்டிருக்கிறாள். உள்ளே மணிச் சத்தம் நின்றது. உமா எழுந்து வாசலுக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன். மணையில், மேல் துண்டோடு, பன்னிரண்டு திருமண்ணும் துலங்க அவர் உட்கார்ந்திருந்தார்.

"உனக்குத் தெரியுமா உமா?"

"தெரியுமுங்க மாமா. முப்பதாவது சதுரத்துலயே தெரியும்."

அவர் திட்டவில்லை. கையெடுத்துப் பெருமாளைக் கும்பிட்டார், கண்ணை மூடிக்கொண்டார். அம்புஜவல்லிதான் பேசினார். தீர்த்தம், பிராயச்சித்தம், யாரைக் கூப்பிடுவது, இத்தனை நாள் பெருமாள் அமுது செய்ததெல்லாம் என்ன ஆவது. அப்புறம் தானே அண்ணனைத் தூக்குவதாகக் குனிந்தார். இருவருக்கும் சேர்த்து நாலு முழங்காலும் பழுது. இரண்டு தடவை முயன்று, மூன்றாம் தடவை அவரும் சரியப் பார்த்து, சுவரைப் பிடித்துக்கொண்டு விலகினார். வாசுதேவுக்குப் போன் போட்டார். மீட்டிங்கில் இருக்கிறானாம், இரண்டு மணிக்குள் வரப் பார்க்கிறானாம்.

பத்து மணி ஆனது. அவர் எழவில்லை. பத்தரை. கால் மரத்துப்போய், இடமும் வலமும் அசைந்து அசைந்து உட்கார்ந்தார். கதவு நிலைக்குத் தவழ்ந்து போகலாம் என்று ஒரு கையை ஊன்றினார், முடியாமல் மறுபடி மணையிலேயே சாய்ந்தார். உமா வாசலை விட்டு நகரவில்லை. இரண்டு கையையும் முன்னால் கோத்தபடி நின்றாள். நான் போய்விடலாம் என்று ரெண்டு தரம் பையை எடுத்தேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் மறுபடி கீழே வைத்தேன்.

பதினொரு மணிக்கு அவர் முகம் மாறிவிட்டது. பாத்ரூம் போக வேண்டும் என்று தங்கையிடம் சொன்னார், தலையைக் குனிந்துகொண்டு. அம்புஜவல்லி வாயைப் பொத்திக்கொண்டார்.  அவர் வேட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். அப்புறம் நிமிர்ந்து உமாவைப் பார்த்தார்.

"வாம்மா," என்றார். வலது கையை நீட்டினார். அந்தக் கையில் அதுவரைக்கும் அவள் தோல் பட்டதே இல்லை. "ஒண்ணும் போத்திக்க வேண்டாம். அப்படியே வா. வந்து தொடு, பரவால்லே."

 இதற்குத்தானே அவள் காத்திருந்தாள். அருவருப்பு எல்லாம் மறந்துபோய், போ, போ என்று அவள் முதுகில் கை வைத்துத் தள்ளப் பார்த்தேன்.

உமா அந்தக் கையைப் பார்த்தாள். வெளுத்து, நரம்பு புடைத்து, விரல் இடுக்கில் சந்தனம் காய்ந்து, வேர்வையில் ஈரமாக இருந்தது.  அவள் முகம் எப்படி ஆயிற்று என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தயிர்சாதத்தில் பிசிறைப் பார்த்தவள் முகம் கூட அப்படி ஆகாது. திரும்பி ஹாலுக்கு வந்தாள். தரையில் கவிழ்ந்து கிடந்த சால்வையை எடுத்து உதறினாள். தோளில் போட்டு, இரண்டு கையையும் விரல் நுனி வரை, தோல் ஒரு இணுக்குக் கூட வெளியே தெரியாமல் சுற்றிக்கொண்டாள். உள்ளே போய்க் குனிந்தாள்.

"அதுதான் கம்பளி இல்லேன்னு ஆயிடுத்தே," என்றார் அவர், நீட்டிய கையை நீட்டியபடியே. "இனிமே அது எதுக்கு உமா?"

"எனக்குங்க மாமா," என்றாள் அவள், முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டு. "எனக்கு வேணும்." அப்புறம் அவர் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினாள்.